கம்பிக்கு அடியில் இருந்தவன்

கொல்லையில் ஜெனரேட்டர் மேடைக்காகப் பின்னிக் கட்டியிருந்த கம்பிக்குத் தன் முறுக்கைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. மேஸ்திரி அதற்கு அடியில் தீப்பெட்டி அளவு சிமெண்ட் கட்டி ஒன்றைச் செருகினார்.

"டேய் பொடியா, நீ என்னைத் தாங்குவியா?" என்று சிரித்தது கம்பி.

"மண்ணு உங்க மேல படக்கூடாதாம்ணே," என்றது கட்டி.

கம்பியை மிதித்துக்கொண்டேதான் கான்கிரீட் கொட்டினார்கள். கட்டி இம்மியும் நகரவில்லை. மேடை இறுகியதும், யானைக்குட்டி மாதிரி ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்தது.

ஐப்பசி மழையில் அடிமண் சொதசொதவென்று ஊறியது. துருப்பிடித்தே செத்துப்போவோமோ என்று கம்பி நடுங்கியது.

"பொடியா, தண்ணி வருதா?"

"என் கால்வரைக்கும் வந்துருச்சு. உங்ககிட்ட விடமாட்டேன், நீங்க தூங்குங்க."

"சரிண்ணே," என்றது கம்பி.