அரை மணிக்கொரு பச்சை

நாலு மணிக்கு விழுந்த பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் செசிலியா தேத்தண்ணீரை வாயில் வைத்தாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

முஸ்லிம் கடைகளுக்கு நெருப்பு வைத்த கலவரத்தால் கண்டியில் ஊரடங்கு போட்டு மூன்றாம் நாள். வட்ஸ்அப் இல்லை, பேஸ்புக் இல்லை. போர்டிங் அறையின் ஜன்னலுக்கு வெளியே வீதியில் ஒரு நாய்கூட இல்லை.

அவள் வேலை செய்வது ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில். பதினொரு பேர், எழுதும் நிரலில் ஆளுக்கொரு கிளை. யாராவது தன் கிளைக்குள் ஒரு வரி எழுதி அனுப்பினால், கம்பனிக் கந்தோரிலிருக்கும் பில்ட் மெஷின் தானாக எழும்பி அதைக் கட்டிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. எந்தக் கிளை எப்போது ஓடலாம் என்ற விதிகள் செசிலியாவின் பொறுப்பு. அவளைத் தவிர அதில் கைவைக்கக்கூடிய ஒரே ஆள் பஹ்மி.

பஹ்மி கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் இருந்தான். மனைவி றம்லத்தையும் இரண்டு பிள்ளைகளையும் திங்கட்கிழமை காலை கம்பளைக்கு, அவளுடைய உம்மா வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் நின்றுகொண்டான். கடையை விட்டு அசையமாட்டேன் என்று அவனுடைய வாப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

அந்தப் பக்கம் போன் எடுபடவில்லை. வீட்டிலிருந்து கந்தோர் மெஷினுக்குப் போகும் இணைய வழி மட்டும் எப்படியோ திறந்திருந்தது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் என் கிளைக்குள் ஒரு வரி தள்ளிவிடுகிறேன் அக்கா, மெஷின் ஓடினால் நான் நலம் என்று றம்லத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான்.

திங்கள் மாலையும் மறுநாள் காலையும் மெஷின் ஓடியது. ஐந்து பத்தொன்பதுக்கு ஒன்று, ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒன்று, நினைத்த நேரத்துக்கு. எல்லாம் சிவப்பு. எங்காவது ஓர் அடைப்புக்குறியை மூட மறக்காமல் பஹ்மி ஒரு வரி அனுப்பியதாகச் சரித்திரமே இல்லை. ஒன்பது மணி வேலைக்குப் பத்தரைக்கு வருகிறவன்.

செவ்வாய் நடுப்பகலிலிருந்து ஆள் திருந்திவிட்டான். மணி அடித்தால் ஒன்று, அரைக்கு ஒன்று, அத்தனையும் பச்சை. கலவரம் வந்துதான் உன் மனுசனுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று செசிலியா போனில் கேலி செய்தாள். றம்லத் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

இன்று காலை எழும்பியதும் செசிலியா இரவு முழுக்க விழுந்திருந்த பச்சைகளை எண்ணிப் பார்த்தாள். பாவம், கண்மூடவே இல்லைப்போல என்று அதையும் றம்லத்துக்குச் சொன்னாள்.

நாலு இருபதுக்குக் கொழும்பிலிருந்து மேலாளர் போன் எடுத்தார். ஆறு மணிக்கு வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது வரிசையில் நிற்கிறது, பஹ்மியின் கிளை சும்மா சும்மா மெஷினைப் பிடித்துக்கொள்கிறது, அதை நிறுத்து என்றார்.

செசிலியா சரி என்றாள். அவருக்கென்ன, கொழும்பில் ஏசி அறையில் இருக்கிறார். நிறுத்துவதானால் மற்றப் பத்துக் கிளைகளையும் நிறுத்துவேன், இதைத் தொடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விதிப் பக்கத்தைத் திறந்தாள்.

பத்துக் கிளைகளுக்கு நேரேயும் ஒரே விதி இருந்தது. யாராவது எழுதி அனுப்பினால் ஓடு.

பஹ்மியின் கிளைக்கு நேரே வேறொன்று. அரை மணிக்கொரு தடவை ஓடு, யாரும் எதுவும் அனுப்பாவிட்டாலும்.

மாற்றியவர் பஹ்மி. செவ்வாய், முற்பகல் பதினொன்று நாற்பத்தேழு.

அவன் கடைசியாக எழுதி அனுப்பிய வரி அதற்கு இரண்டு நிமிடம் முந்தியது. அடைப்புக்குறி ஒழுங்காக மூடியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிளைக்குள் ஒருவரும் எதையும் எழுதவில்லை. நேற்றிலிருந்து மெஷின் அந்த ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது.

விதிக்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், ஒரு குறிப்பு இருந்தது. கடைப் பக்கம் போன வாப்பா இன்னும் வரவில்லை, தேடிப் போகிறேன். திரும்பி வந்து நானே மாற்றுகிறேன். அதுவரைக்கும் நிற்பாட்டிவிடாதீங்க அக்கா, றம்லத் பயப்படுவாள்.

செசிலியா மூன்று தடவை படித்தாள். இருபத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்மூடவே இல்லைப்போல என்று காலையில் தான் சொன்னது ஞாபகம் வந்தது.

நாலரைக்குப் பச்சை விழுந்தது. உடனே போன் அடித்தது.

“அக்கா, நாலரைக்கு ஓடிச்சா?”

றம்லத்தின் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓம் றம்லத். இப்பதான் ஓடினது.”

அது பொய்யில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, உங்கட வாப்பா நல்லா இருக்காராம் என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டே றம்லத் போனை வைத்தாள்.

பஹ்மியின் விதியைச் செசிலியா தொடவில்லை. மற்றப் பத்துக் கிளைகளையும் நிறுத்தினாள். கொழும்பிலிருந்து எடுத்தால் எடுக்கட்டும்.

பிறகு திரையையே பார்த்தபடி இருந்தாள். ஐந்து மணிக்குப் பச்சை விழும். ஐந்தரைக்கும் விழும். அவை எதுவும் இனி அவளுக்கு வேண்டாம். நாலு முப்பத்தேழுக்கோ நாலு ஐம்பத்திமூன்றுக்கோ, ஏதாவதொரு கோணல் நேரத்தில், அடைப்புக்குறி மூடாத ஒன்று வர வேண்டும்.

மாதாவே, ஒரேயொரு சிவப்பு என்று அவள் வாய் முணுமுணுத்தது.