மாப்பிள்ளை பூட்டிய கைப்பிடி

முதல் திருகாணியை முடுக்கியதும், பக்கத்திலிருந்த இரண்டாவதைத் தொடாமல் எதிர் மூலைக்குத் தாவினார் மாப்பிள்ளை. அப்படித்தான் செய்ய வேண்டும். எதிரெதிர் மூலையாக, கால் கால் சுற்றாக. ஒரே மூச்சில் முடுக்கித் தள்ளுகிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

கூடத்தின் நடுவே ஸ்டாண்டில் நின்றது அந்த ஒற்றைச் சக்கர மின்வண்டி. உட்கார ஆசனம் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இருபுறமும் இரண்டு மிதி, நடுவில் ஒரு சக்கரம், தலையில் ஒரு கைப்பிடி. ஏறினால் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். இறங்கினால் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

எடை இருபத்துநாலு கிலோ. வீடு நாலாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

மாப்பிள்ளைக்கு உத்தியோகம், ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்ப்பது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

போன வாரம் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடி அடியோடு பிடுங்கிக்கொண்டது. கைப்பிடி மாப்பிள்ளை கையில், வண்டி படிக்கட்டில். அது ஒவ்வொரு படியாக விசாரித்துக்கொண்டே இறங்கிப் போய், கீழ்வீட்டு அம்மாளின் கதவைத் தட்டியது. தட்டியது என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவு இப்போது தச்சரிடம் இருக்கிறது.

"ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைதான் குடியைக் கெடுத்தது. அன்றைக்கே அவள் விளம்பரம் போட்டுவிட்டாள். இதோ, இன்று நாலு மணிக்கு வாங்குகிறவர் வருகிறார்.

கைப்பிடி ஆடினால் எவனும் வாங்க மாட்டான். இது மாப்பிள்ளைக்குத் தெரியாதா? நாலு திருகாணியில் இரண்டைத் தளர விட்டால் போதும், வண்டி வீட்டோடு தங்கிவிடும். விட்டும் பார்த்தார். கை கேட்டால்தானே! இருபது வருஷமாக ஆள் தூக்கும் பெட்டிகளுக்கு முடுக்கிய கை. தளர்ந்த திருகாணியைக் கண்டால் அதுபாட்டுக்குப் போய் முடுக்கிவிடுகிறது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

விரிசல் விட்ட அடிப்பாகத்துக்குள் இரும்புப் பட்டை கொடுத்தார். மழைத்தண்ணீர் இறங்காமல் ரப்பர் வளையத்தை மாற்றினார். கைப்பிடிக்கு அடியிலிருந்த பொத்தானைத் துடைத்தார். தூக்கும்போது அதை அமுக்காவிட்டால் சக்கரம் அந்தரத்தில் பேய் பிடித்த மாதிரி சுற்றும். கடைசியில் திருகாணி தானாகத் தளராமலிருக்க மரையில் நீலப் பசை விட்டு, நாலையும் முடுக்கி, ஓட்டைகளை ரப்பர் மூடிகளால் அடைத்தார்.

கண்ணில் தண்ணீர் நின்றது. பசை நெடி என்று சொல்லிக்கொண்டார்.

சோபாவில் மாமியார் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்து அந்த வண்டியைக் கரித்துக்கொட்டுகிறவர். வாயைத் திறந்தாலே சர்க்கஸ் கம்பெனி என்பார்.

"சத்தத்தைக் குறைச்சு வைங்க அத்தை, ஸ்பீக்கர் போயிடும்" என்றார் மாப்பிள்ளை. போகிற போக்கில், அவர் கால் வைத்திருந்த ஸ்டூலை உருவி, ஆடாத அதன் காலை ஒரு முடுக்கு முடுக்கி, திரும்ப வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

வாங்குகிறவர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். பெரிய மீசை, தலைக்கவசம், முழங்கால் கவசம். படையெடுத்து வந்த மாதிரிதான் இருந்தது.

"பேட்டரி பழசாகும், டயர் தேயும். ஆனா கைப்பிடிக்கு நான் கியாரண்டி. தூக்கிப் பாருங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

மீசைக்காரர் காலை அகட்டி நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்தார். இரண்டு கையாலும் தூக்கினார்.

கைப்பிடி வந்தது. வண்டி வரவில்லை.

இருபத்துநாலு கிலோவுக்குச் சேர்த்து வைத்த பலமெல்லாம் அரைக் கிலோவில் செலவாக, மனிதர் பின்னாலேயே போய்ச் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். கைப்பிடியை மாப்பிள்ளையிடம் பவ்யமாக ஒப்படைத்தார். நாலு மாடியும் தடதடவென்று இறங்கிப் போனார்.

"இருபது வருஷ சர்வீஸ்!" என்று தலையில் அடித்துக்கொண்டு மனைவி சமையலறைக்குள் போனாள்.

மாப்பிள்ளைக்கு வேர்த்தது. வண்டி பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம் கிடக்கட்டும். கை? அந்தக் கையா தவறியது? நாளைக் காலையில் அதை நம்பிப் பதினாறு பேர் பெட்டிக்குள் ஏறப்போகிறார்களே, ஐயையோ! குனிந்து ரப்பர் மூடிகளைப் பெயர்த்துப் பார்த்தார்.

திருகாணி எதுவும் தளரவில்லை. திருகாணியே இல்லை.

சோபாவிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் நாலு திருகாணிகள், நீலப் பசை இன்னும் காயாமல்.

"பூட்ட உங்களுக்கு அரை நாள் ஆச்சு. கழட்ட எனக்கு ஒரு விளம்பர இடைவேளை போதும்" என்றார் மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"ஏன் அத்தை..." என்றார் மாப்பிள்ளை. கண் மறுபடி கலங்கியது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன்!

"மறுபடி நல்லா பூட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்க மாப்பிள்ளை. கொஞ்சம் தூரமாவே போங்க. நீங்க வெளிய இருக்கற அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வீட்ல நாங்க நிம்மதியா இருக்கோம்."

சமையலறையிலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.