விரல் பதியாதவர்கள்

“அந்த எழுபத்து மூணு பேரையும் லிஸ்ட்லருந்து எடுங்க சேர். இல்லாட்டி வேலைய நிப்பாட்டியாச்சுன்னு நான் யாருக்கும் போன் போட மாட்டேன்.”

நிரஞ்சலா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்காக வாயே திறக்கக் கூடாது என்று, பதுளையில் இந்தக் கம்பனி அலுவலகத்தில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மனிதவள மேலாளர் கனகசபை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “பிள்ளை, அது நான் போட்ட லிஸ்ட் இல்லை. மெஷின் போட்டது. மூண்டு மாதமா ஒழுங்கா வேலைக்கு வராத ஆக்கள்.”

“எங்கம்மா ஒரு நாள் பெரட்டுக்குப் போகாம இருந்ததில்ல. கொழுந்து பறிச்சுப் பறிச்சு ரேகையே தேஞ்சு போச்சு. அத உங்க மெஷின் படிக்கலன்னா அவங்க வரலன்னு ஆயிருமா?”

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி முகம் பார்த்துப் பேர் போட்ட காலம் போய், விரல் பதிந்தால்தான் ஆள் என்றாகி ஒரு வருடம்.

“முறைப்பாடு எண்டால் அந்த மெஷினிலேயே விரல் வைச்சுக் குடுக்கலாமே.”

“எந்த விரல, சேர்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஆறு பேர் இருந்த பிரிவு அது. லீவையும் நேர்முகத் தெரிவையும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய எழுதுவினைஞர் இவள் ஒருத்திதான். மடுல்சீமைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த இவள் சொன்னால்தான் தோட்டத்துச் சனம் நம்பும். அது கம்பனிக்கும் தெரியும். போன மாதம்கூடக் கண்ணாடி அறையில் மூன்று நாள் உட்கார வைத்து, பக்கம் பக்கமாக வாசிக்கவிட்டு அவள் குரலைப் பதிவுசெய்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தோட்டத்துப் பேச்சைப் பழக்கவாம்.

இந்த வேலையில் இருந்தால், பெற்றவளையே வேலைக்கு வராதே என்று சொல்லும் வாய். போனால், பட்டம் வாங்கியும் அதே லயம். இரண்டு நாளாக இதே சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தாள்.

“நீர் பேசாட்டிலும் அந்தச் செய்தி போகும், பிள்ளை.”

“யாரு சொல்லுவா, நீங்களா? உங்க பேச்சக் கேட்டா, ரேடியோவுல செய்தி போகுதுன்னு நெனச்சுப் போன வச்சிருவாங்க.”

காலையிலேயே எழுதிவைத்த விலகல் கடிதத்தை நீட்டினாள். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார், மேசை லாச்சியில் போட்டு மூடினார்.

நிரஞ்சலா படியிறங்கினாள். சொல்ல ஆளில்லாமல் அந்த லிஸ்ட் கிடந்து நாறட்டும்.

கடைசிப் படியில் போன் அடித்தது. அம்மா.

“நான் வேலைய விட்டுட்டேன்ம்மா. இனி உங்கள யாரும் நிப்பாட்ட...”

மறுமுனையில் அம்மா பெரியாயியின் குரல் உடைந்திருந்தது.

“இப்பத்தானடி நீயே போன் போட்டு, நாளையிலருந்து வேலைக்கு வராதீங்கன்னு சொல்லிட்டு வச்ச?”