ஒரே ஒரு பீப்

கடைக்காரி துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, போனைக் காட்டு என்று சைகை செய்தாள்.

இவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சீனாவில் ஏதோ ஒரு தெருவில் மருந்துக்கடை. மேசைமேல் காய்ச்சல் மருந்து. தோளில் ஐந்து வயது மகள், அனலாகக் கொதித்தாள்.

ஊரில் கடைக்காரர் க்யூஆர் அட்டையை வைத்திருப்பார். நாம் ஸ்கேன் செய்வோம். தொகையை நாமே போடுவோம். பணம் வந்து சேர்ந்ததை ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லும்.

இங்கே எல்லாம் தலைகீழ். நம் போனில் இருக்கும் க்யூஆரை அவர்கள் அந்த ஸ்கேனர் துப்பாக்கியால் சுடுவார்களாம். எவ்வளவு எடுப்பார்களோ, யார் கண்டது?

போன மாதம் மாமனாரின் பென்ஷன் இப்படித்தான் போயிற்று. எவனோ திரையைக் காட்டச் சொன்னான். மனிதர் காட்டிவிட்டார். அன்று அவரை அதிகம் திட்டியது இவள்தான்.

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை.

பின்னால் வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார். அவரையும் முறைத்தாள். கூட்டாளியாகக்கூட இருக்கலாம்.

மகள் முனகினாள்.

கடைக்காரி குழந்தையைப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். தன் க்யூஆரைத் திறந்து, துப்பாக்கியை அதன்மேல் காட்டினாள்.

பீப்.

ஒரு சீட்டு வந்தது. கிழித்து மருந்துப் பையில் போட்டாள்.

"அந்த ஆன்ட்டி செஞ்சு காட்டுறாங்கம்மா. நீயும் காட்டு," என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல்.

சரி, போகட்டும். பிள்ளையைவிடவா பெரிது? க்யூஆரைத் திறந்து போனை நீட்டினாள். விரல்கள் மட்டும் பிடியை விடவில்லை.

கடைக்காரி துப்பாக்கியைக் கீழே வைத்தாள். பையை இவள் பக்கம் தள்ளினாள். போ, போ என்று கையசைத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினாள்.

இவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. கேட்டவள் நீட்டியதும் ஏன் வேண்டாம் என்கிறாள்? தொடாமலே எடுத்துவிட்டாளோ?

வாசலில் நின்று பேங்க் கணக்கைப் பார்த்தாள்.

ஒரு பைசா குறையவில்லை.

பைக்குள் கைவிட்டாள். மருந்து. அதோடு அந்தச் சீட்டு. மருந்தின் விலை அதில் அச்சாகியிருந்தது.

பீப் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அதுவும் கடைக்காரியின் போனில்.

முகம் சுட்டது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மறுபடி உள்ளே போனாள். க்யூஆரைத் திறந்து, போனை மேசைமேல் வைத்தாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.