எதோடும் சேராத கம்பி

சர்க்யூட் போர்டின் பயன்படாத இணைப்புப் பின்களுக்கான நிரல்களை, அதை இயக்கும் மென்பொருளான கெர்னலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்த ஹெப்சிபா பதினேழாவதில் நின்றாள். அந்தப் பின்னிலிருந்து கிளம்பிய கம்பி, எதோடும் சேராமல் கீபோர்டின் ஓரம் கிடந்தது. ஆனாலும் அழிக்க அவள் கையை நீட்டும்போதெல்லாம் திரையில் அந்தப் பின்னுக்கு நேரே இருந்த பூஜ்யம் ஒன்றானது. கையை எடுத்தால் மறுபடி பூஜ்யம்.

"அந்தரத்துல கிடக்குற கம்பிங்க. கை கிட்டப் போனாலே அப்படித்தான் ஆடும், தூக்கிடுங்க" என்றார் பக்கத்து இருக்கை இஸ்மாயில்.

"தெரியும் சார்."

கம்பியின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்தாள். திரையில் ஒன்று மாறாமல் நின்றது. மறு கையால் நிரலை அழித்து, புதிய கெர்னலை ஏற்றி, போர்டை மீண்டும் கிளப்பினாள். இனி அந்தப் பின்னுக்குக் காதுகொடுக்க யாருமில்லை.

இஸ்மாயில் டீக்குக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க சார்" என்றாள், கம்பியை விடாமல்.