இரண்டாவது அட்டை

விசாரணை அதிகாரி முஷாத் காகிதச் சுருளை மேசைமேல் விரித்தார். மறுபடி சுருண்டுகொள்ளாதபடி ஒரு முனையில் காப்பிக் கோப்பையை வைத்தார்.

கடைப் பில் அகலம்தான் இருந்தது. மேசையைத் தாண்டித் தரை வரை தொங்கியது.

லாரியின் பதிவுக் கருவியில் இருந்து எடுத்தது; யாருடைய ஓட்டுநர் அட்டை செருகியிருக்கிறதோ அவர் பெயரில்தான் அது நேரத்தைப் பதியும். வெள்ளிக்கிழமை காலை 9.40 வரை ஓட்டியவர் தோரு. அதன் பிறகு, பகல் 1.52க்கு ஓல்ட் ஆற்றோரத்துப் பாறையில் மோதி நிற்கும் வரை ஓட்டியவர் ரோதிகா.

எதிரே உட்கார்ந்திருந்த ரோதிகா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த 1.52க்கு அவள் இருநூறு கிலோமீட்டர் தள்ளி, வீட்டு முற்றத்தில், தோலுரித்துக் குளிர்காலத்துக்குப் போட்டுவைக்கத் தகரத்தின்மேல் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளாகியும் விரல்நுனியில் அந்தக் கருகல் வாசனை போகவில்லை.

முஷாத்துக்கும் அது தெரியும். இந்த மாவட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஒன்பது மணி நேரம் ஓட்டினால் பதினொரு மணி நேரம் ஓய்வு என்பது சட்டம். தன் அட்டையில் நேரம் தீர்ந்ததும் அதை உருவிவிட்டு, அண்ணன் அட்டையையோ மச்சான் அட்டையையோ செருகி அதே ஆள் ஓட்டுவது வழக்கம்.

தோருவிடம் இருந்தது மனைவி ரோதிகாவின் அட்டை. உன் பெண்டாட்டி உன்னைவிடக் கெட்டிக்காரி, ஹங்கேரியை ஒரே மூச்சில் தாண்டிவிட்டாளே என்று கூட்டாளிகள் அவனைக் கேலி செய்வார்களாம்.

அவள் அதற்காக லாரி உரிமம் எடுக்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், இருவரும் மாற்றி மாற்றி ஓட்டலாம், இனிமேல் மாதத்தில் மூன்று வாரம் பிரிந்திருக்க வேண்டியதில்லை என்றுதான் எடுத்தாள். பின்பக்கமாக வண்டியை நிறுத்தும் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவையில் தேறினாள்.

ஒரே ஒரு பயணம் போனார்கள், இத்தாலி வரை. திரும்பி வந்ததும் மருத்துவர் அவள் இடுப்பெலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, இனி லாரியில் ஏறவே கூடாது என்றுவிட்டார்.

அவள் இறங்கினாள். அட்டை இறங்கவில்லை.

முஷாத் வேறு சில தாள்களையும் அவள் பக்கம் தள்ளினார்.

"காகிதப்படி பார்த்தா, போன வருஷம் மட்டும் நூத்திப் பன்னெண்டு நாள் நீங்க அவர்கூட அந்த வண்டியில இருந்திருக்கீங்கம்மா."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள், வந்த கடிதத்தைப் படிப்பதுபோல. ஆஸ்திரியா. ஸ்லோவேனியா. மறுபடி இத்தாலி.

பிப்ரவரி மூன்றாம் தேதியில் விரல் நின்றது. வாசலில் முழங்கால் உயரம் பனி கொட்டிக்கிடந்த நாள். தனியாக மண்வாரியால் அள்ளிவிட்டு, ஒருத்திக்கு மட்டும் சூப் வைத்துக் குடித்தாள்.

காகிதத்தில், அன்றைக்கு அவர்கள் இருவரும் இத்தாலியின் திரியெஸ்தேயில் இருந்தார்கள்.

இதெல்லாம் உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று அவள் நினைப்பது முஷாத்துக்குப் புரியவில்லை. அவள் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். வாக்குமூலத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

என் கணவர் எனக்குத் தெரியாமல் என் அட்டையை எடுத்துப் பயன்படுத்தினார்.

தெரிந்து கொடுத்தாள் என்றால் வழக்கு வரும், நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். தெரியாது என்றால் கோப்பு இன்றோடு மூடப்படும். குற்றம் முழுவதும் தோருவின் பெயரில் போகும்.

"போனவருக்கு இனிமே என்ன கேஸு? கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

ரோதிகா பேனாவை எடுத்தாள். 'எனக்குத் தெரியாமல்' என்ற சொற்களின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

முஷாத் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கைப்பையைத் திறந்தாள்.

மருத்துவமனையில் தோருவின் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்: சட்டை, அதன் பையில் இருந்த அவனுடைய சொந்த அட்டை, கைக்கடிகாரம், தொலைபேசி. தொலைபேசியை யாரும் திறந்து பார்க்கவில்லை. அதன் ரகசிய எண் அவளுடைய பிறந்த தேதி.

அதைத் திறந்து, காகிதச் சுருளின்மேல் வைத்தாள்.

கடைசியாக வந்து போனவை இரண்டே செய்திகள்.

காலை 9.31, அவளிடமிருந்து: 'இருபது கிலோ குடமிளகா வாங்கிட்டேன். நீ வந்துதான் உரிக்கணும். நாளைக்கெல்லாம் வேணாம். என் அட்டையப் போட்டுட்டு இன்னிக்கே வா.'

காலை 9.38, அவனிடமிருந்து: 'சரி கிழவி. நீ ஓட்டு, நான் தூங்குறேன்.'