பூ வைத்த கம்ப்யூட்டர்

கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. இனி யாரும் எதையும் தொடக் கூடாது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பி நின்றாள்.

ஸ்டுடியோவில் சோறு போடுகிற சாமான் ஒன்று விடாமல் மேசைக்கு வந்திருந்தது. கேமராக்கள், லென்ஸ்கள், விளக்குகள், ஆல்பம் வெட்டுகிற கட்டர். நடுவில் கம்ப்யூட்டர். பவர் பட்டன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

இன்றைக்குத்தான் அவள் அதற்கு அப்டேட் போடுவதாக இருந்தது.

மாதக்கணக்கில் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து வந்து கெஞ்சியது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும், ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். அவ்வளவுதான் அது கேட்டது. முதலாளி குணசீலன் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதையே அமுக்கினார். முகூர்த்தம், ரிசப்ஷன் வீடியோ, ஆல்பம் அவசரம்.

"நல்லா ஓடுற சிஸ்டத்த எதுக்கும்மா நோண்டுற?"

நச்சரித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவழியாகச் சம்மதம் வாங்கினாள். ஆயுத பூஜையன்று செய்துகொள், அன்றைக்கு வேலை இல்லை என்றார்.

வந்து பார்த்தால் பொட்டு வைத்தாகிவிட்டது.

"பூஜையில வெச்சதத் தொடக் கூடாதும்மா. நாளைக்கு நல்ல நேரம் பாத்துப் பண்ணிக்க."

இந்த மனிதரை என்ன செய்வது?

அவர் மட்டும் பொட்டு வைப்பதற்கு முன்னால் வேண்டிய மட்டும் நோண்டியிருந்தார். யாரோ அனுப்பிய சரஸ்வதி படத்தை இறக்கித் திரை முழுக்கப் போட்டிருந்தார். தேவியின் விரல்கள் வீணையில் அசைந்தன. இறக்கும்போது கம்ப்யூட்டர் என்னென்னவோ கேட்டதாம், எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்தாராம். பக்கத்துக் கடைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி ஒலித்தது. தட்டு சுற்றியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

செவ்வந்திப் பூ ஒன்றின் அடியில் நீல வெளிச்சம் சிமிட்டியது.

ஹார்ட் டிஸ்க்.

அலமாரியில் தனியாக அவள் எடுத்து வைத்திருந்தது. கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் கல்யாணப் படங்களுக்கெல்லாம் இருக்கிற ஒரே நகல். எல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று அதையும் கொண்டுவந்து, வயரைச் செருகி, பூ வைத்திருக்கிறார்.

விளக்கு விடாமல் சிமிட்டியது.

இங்கே யாரும் வேலை செய்யவில்லை. அதற்கு மட்டும் என்ன வேலை?

திரையைப் பார்த்தாள். சரஸ்வதியின் ஓரமாக வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் மணமக்கள் முகம். முதல் ஜோடி மறைந்து அந்த இடம் வெள்ளையானது. அடுத்த ஜோடி. அதற்கடுத்தது.

அவள் கண்கள் கீழே ஓடின.

கடைசி வரிசையில் வினோதினி. குணசீலனின் மகள். ஆவணியில் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க உட்கார்ந்தவரால் கேமராவைப் பிடிக்க முடியவில்லை, அவள்தான் எடுத்தாள். பெண்ணின் கையைக் கொடுத்துவிட்டு அவர் அழுத முகம் ஒன்று அதில் இருக்கிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை. நம்ம வீட்டு ஆல்பம்தானே, சீசன் முடியட்டும் என்றிருந்தார்.

வெள்ளை இரண்டாவது வரிசைக்கு வந்தது.

"அண்ணே, வயரப் பிடுங்குங்க!"

அவர் முறைத்தார். தட்டு நிற்கவில்லை.

அவள் பாய்ந்தாள். ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினாள். சுவரில் இருந்த பிளக்கையும் இழுத்தாள்.

சரஸ்வதி அணைந்தாள்.

மணிச்சத்தம் நின்றது. குணசீலனின் மனைவி வாயில் கைவைத்தாள். நல்ல நாளும் அதுவுமா என்று யாரோ முனகினார்கள்.

"வைரஸ் அண்ணே. எல்லா போட்டோவையும் அழிச்சிட்டிருக்கு. தயவுசெஞ்சு ஆன் பண்ணாதீங்க."

கற்பூரம் அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நாளையிலேருந்து வராதம்மா."

விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை மாதம் சொல்லியும் கேட்காதவர். செருப்பைத் தேடி மாட்டினாள்.

படியிறங்கும்போது உள்ளே அவர் குரல் கேட்டது.

"அந்த வயரச் சொருகுங்கப்பா. சாமி இருட்டுல இருக்கு."

அவள் நின்றாள்.

மூடிய கைக்குள் ஹார்ட் டிஸ்க் இன்னும் சூடாக இருந்தது. செவ்வந்தி இதழ் ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

திருப்பிக் கொடுக்காமலே நடந்தாள்.